கன்னியம்மாவுக்கு நான் சிபாரிசு செய்த வீடு

நான் வேலை பார்த்த துறையில் இப்போது பொறுப்பில் இருக்கும் நித்யா போன மாதம் போன் செய்தாள். விபத்தில் அடிபட்டவர்களின் வீட்டைப் பார்க்க இப்போதெல்லாம் நேரில் போக வேண்டியதே இல்லையாம். வீட்டு ஆட்கள் செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் இருந்து பின்கட்டு வரை ஒரு சுற்று சுற்றினால் போதும், கதவின் அகலம், படியின் உயரம் எல்லாவற்றையும் ஒரு செயலி தானே அளந்து பட்டியல் போட்டுவிடுமாம். "அரை மணி நேரத்துல ரிப்போர்ட் ரெடி மேடம்" என்றாள். குரலில் அவ்வளவு பெருமை. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. வேகாத வெயிலில் மாடி மாடியாக ஏறி இறங்கித் தேய்ந்த முழங்கால்கள் என்னுடையவை. அந்தச் செயலி என் காலத்தில் இருந்திருந்தால் அதைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்திருப்பேன்.

பிறகு அவளே, துறையின் ஆண்டு மலருக்கு என் அனுபவத்தை இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னாள். என்னிடம் போய் இரண்டு பக்கம் கேட்கிறாளே! ஓய்வு பெற்ற பிறகு கோபாலபுரத்து வீட்டில் என் பேச்சைக் கேட்க ஆள் கிடைக்காமல் காய்கறிக்காரரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். சரி என்று அன்றைக்கே உட்கார்ந்துவிட்டேன். பக்கக் கணக்கை நித்யா பார்த்துக்கொள்ளட்டும்.

என் வேலை செயல்முறை மருத்துவம். ஆக்குபேஷனல் தெரபி என்றால் சிலருக்குப் புரியும். பிசியோதெரபியா என்று கேட்பவர்களுக்கு முப்பது வருடமாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. விபத்தில் கையோ காலோ முதுகோ போன ஒருவர் மறுபடி தானே குளிக்கவும், சாப்பிடவும், வேலைக்குப் போகவும் வழி பண்ணுவது எங்கள் வேலை. விபத்து இழப்பீட்டு வழக்குகளில் இந்த வேலைக்கு இன்னொரு முகம் உண்டு. இழப்பீட்டுத் தொகை வந்தாலும் தீர்ப்பாயம் அதை மொத்தமாகக் கையில் தூக்கிக் கொடுத்துவிடாது. பெரும்பகுதியை வங்கியில் போட்டு வைத்துவிடும். வீடு வாங்கவோ, இருக்கிற வீட்டை மாற்றிக் கட்டவோ அதிலிருந்து எடுக்க வேண்டுமென்றால் மனுப் போட வேண்டும். அந்த வீடு அடிபட்டவருக்கு ஏற்றதுதானா என்று எங்களைப் போன்றவர்களிடம் அறிக்கை கேட்பார்கள். அதாவது ஒருவர் இனி எந்த வீட்டில் வாழப்போகிறார் என்பது என் பேனாவில் இருந்தது. சின்ன வயதில் அந்த அதிகாரம் எனக்கு வெல்லமாக இனித்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நாலரை வருடப் படிப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. எலும்புகளின் பெயரை மனப்பாடம் செய்தேன், பாதியை மறந்தேன். உண்மையான பாடம் தி.நகரில் எங்கள் அப்பாவின் துணிக்கடையில் நடந்தது. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கடை போட்டவர். ஜாக்கெட் துணியில் கால் அங்குலம் குறைந்தால்கூட வாடிக்கையாளர் திரும்பி வந்து நிற்பார் என்று எனக்கு எட்டு வயதிலேயே தெரியும். அளவு டேப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே வளர்ந்தவள், படித்து முடித்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது துணி டேப்பை விட்டு இரும்பு டேப்புக்கு மாறினேன், அவ்வளவுதான்.

எங்கள் துறைத் தலைவர் ராஜம் மேடம். மயிலாப்பூரில் பிறந்து, வளர்ந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டவர். சின்ன உருவம். எப்போதும் இஸ்திரி போட்ட பருத்திப் புடவை, கைப்பையில் பதினாறு அடி டேப், ஒரு சாக்பீஸ். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. ஆனால் அறிக்கையில் "சுமார் மூன்று அடி" என்று எழுதிக் கொடுத்தால், அந்த "சுமார்" மேல் பென்சிலால் ஒரு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். பஸ் பிடித்து மறுபடி அதே வீட்டுக்குப் போய் அளக்க வேண்டியதுதான்.

அவருடைய சட்டங்களில் தலையாயது, முதலில் குளியலறை, அப்புறம்தான் காபி. நம் ஊரில் வீட்டுக்கு வந்தவர்களை உட்கார வைத்துக் காபி கொடுத்துப் பேச்சில் போட்டுவிடுவார்கள். உட்கார்ந்துவிட்டால் அந்த வீட்டின் விருந்தாளி ஆகிவிடுகிறோம். விருந்தாளி குறை சொல்ல மாட்டார். அதனால் ராஜம் மேடம் தெருவிலிருந்து அளக்க ஆரம்பிப்பார். தெருவுக்கும் வாசலுக்கும் எத்தனை படி, ஒவ்வொன்றும் எத்தனை அங்குலம், நிலைப்படி எவ்வளவு தூக்கியிருக்கிறது, கதவைத் திறந்து வைத்த பிறகு மிஞ்சுகிற இடைவெளி எவ்வளவு என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். கதவின் அகலத்தை அளந்துவிட்டு அதன் தடிமனைக் கழிக்க மறந்த குற்றத்துக்காக நான் வாங்கிய பென்சில் வட்டங்கள் ஏராளம். சக்கர நாற்காலி திரும்ப ஐந்து அடி வட்டம் வேண்டும். அதைத் தரையில் சாக்பீஸால் வரைந்தே காட்டுவார். கடைசியில் குளியலறை. அங்கே தானே போய் உட்கார்ந்து, குழாய் கைக்கு எட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கூடத்துக்கு வந்து காபியை வாங்குவார். ஆறிப்போயிருக்கும். அதையும் ரசித்துக் குடிப்பார்.

நான் அவரோடு போன முதல் வீடு அடையாறில். பைக் விபத்தில் இரண்டு காலும் செயலிழந்த பையனின் அப்பா, மகனுக்காக வீட்டுக்குள்ளேயே லிப்ட் வைத்துவிட்டார். கண்ணாடிக் கதவு, உள்ளே பாட்டு, எல்லாம் உண்டு. அதன் மகிமையை அவர் விவரித்துக்கொண்டே இருந்தார். ராஜம் மேடம் குனிந்து டேப்பை நீட்டினார். வாசலில் இருந்து லிப்ட்டுக்குப் போகிற வழியில் இரண்டு படி. ஏழு அங்குலம், ஏழு அங்குலம். அந்த மனிதர் அப்படியே படி மேல் உட்கார்ந்து சிரித்தார், பிறகு அழுதார். ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளச் சரிவு என்ற கணக்கில் சாய்தளம் போட்டுக் கொடுத்தோம். திரும்பும்போது பஸ்ஸில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு டேப் இருந்தால் போதும், உலகத்தையே சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். அந்தத் திமிர் பல வருடம் ஓடியது. அதை அடக்கியவர் கன்னியம்மா.

கன்னியம்மா நொச்சிக்குப்பத்தில் மீன் விற்றவர். அப்போது நாற்பது வயது இருக்கும். ஒருநாள் காலை ஷேர் ஆட்டோவிலிருந்து மீன் கூடையை இறக்கும்போது பின்னால் வந்த வேன் மோதி முதுகெலும்பு முறிந்துவிட்டது. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. அரசு வாரியம் கட்டிய குடியிருப்பில் இரண்டாவது மாடியில் வீடு, லிப்ட் கிடையாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து நான்கு பேர் தூக்கி மேலே ஏற்றியதோடு சரி. அதன் பிறகு கீழே இறங்கவே இல்லை. ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

கணவர் ஏழுமலை பைபர் படகில் கடலுக்குப் போகிறவர். இழப்பீடு வந்ததும் அவர் ஒரு முடிவெடுத்தார். ஊருக்கு வெளியே, பழைய மகாபலிபுரம் சாலையையும் தாண்டி, ஒரு புது மனைப்பிரிவில் தரைத்தள வீடு ஒன்று விலைக்கு வந்தது. அதை வாங்க மனுப் போட்டார். வீட்டைப் பார்த்து அறிக்கை தரும்படி உத்தரவு என் மேஜைக்கு வந்தது.

முதலில் குப்பத்து வீட்டுக்குப் போனேன். முப்பத்திநான்கு படி, நடுவில் இரண்டு திருப்பம். குளியலறைக் கதவு இருபத்திரண்டு அங்குலம். சக்கர நாற்காலி மடக்கிய நிலையில் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது, அதன் மேல் துணி காய்ந்தது. கன்னியம்மா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நான் கேட்டதற்கெல்லாம் ஏழுமலைதான் பதில் சொன்னார். கன்னியம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார், அதுவும் திரும்பிப் பார்க்காமல்.

"அந்தாண்ட காலைல மீனு எங்க வாங்குவாங்கோ?"

வண்டியில் கொண்டுவந்து விற்பார்கள் என்று சொன்னேன். சமையலுக்குக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் வேறொன்றும் கேட்கவில்லை.

அடுத்த நாள் அந்தப் புது வீட்டைப் பார்த்தேன். என்ன வீடு தெரியுமா அது! வாசல் கதவு மூன்றரை அடி. நிலைப்படியே இல்லை. குளியலறைக்குள் நாற்காலி ஒரு முழு வட்டம் அடிக்கலாம். சமையல் மேடையைக் கொஞ்சம் இறக்கினால் போதும். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என் அத்தனை வருட வேலையில் எல்லாக் கட்டத்திலும் "ஏற்றது" என்று எழுத முடிந்த முதல் வீடு அது. அன்று சாயந்திரமே எழுதிவிட்டேன். ராஜம் மேடமும் ஒரு பென்சில் வட்டம்கூடப் போடாமல் கையெழுத்துப் போட்டார். அதை ஒரு விருதாகவே நினைத்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்துத் துறைக்கு ஒரு போன் வந்தது.

"மேடம், நானு கன்னியம்மா. வக்கீல் குமாஸ்தா நீ எய்தினத படிச்சிக் காட்னாரு. வேலைன்ற எடத்துல 'இல்லை'ன்னு போட்டுக்கிறியே, யார கேட்டு போட்ட?"

உண்மையில் நான் எழுதியது "முன்பு மீன் வியாபாரம், தற்போது இல்லை" என்று. படிவத்தில் அந்தக் கட்டம் சின்னதாக இருக்கும். அதை நிரப்ப எனக்கு மூன்று விநாடிகூட ஆகியிருக்காது. முதுகெலும்பு முறிந்தவர், இரண்டாவது மாடியில் படுத்தபடுக்கை, வேறு என்ன எழுதுவது என்று இருந்துவிட்டேன். அதையே போனில் சொல்ல ஆரம்பித்தேன்.

"நாளிக்கு காலைல வா. டேப்ப எட்னு வராத" என்று வைத்துவிட்டார்.

போனேன். டேப் பையில் இருந்தது, வெளியே எடுக்கவில்லை. கன்னியம்மா கட்டிலில் இல்லை. தரையில் பிளாஸ்டிக் ஷீட் விரித்து உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு தட்டு நிறைய சங்கரா மீன், பக்கத்தில் அருவாமனை. என்னைப் பார்த்ததும் தன் வலது காலை இரண்டு கையாலும் தூக்கி, ஏதோ ஒரு சாமானை நகர்த்துவது போல் அருவாமனைப் பலகை மேல் வைத்து அழுத்தினார். மீன் வெட்டுகிறவர்கள் பலகையைக் காலால் மிதித்துக்கொண்டுதான் வெட்டுவார்கள். அதற்குப் பிறகு அந்தக் கைகளைப் பார்க்க வேண்டுமே. செதிள் பறந்தது, செவுள் போனது, துண்டுகள் ஒரே அளவில் விழுந்தன. எங்கள் அப்பா துணி கிழிக்கும் நேர்த்தியை அதற்கு முன் நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

என் கண்ணோ அந்தக் காலிலேயே இருந்தது. உணர்ச்சி இல்லாத கால், அதன் பக்கத்தில் அவ்வளவு கூரான கத்தி. வெட்டினால்கூடத் தெரியாது. காலை எடுக்கச் சொல்லிக் கத்தினேன்.

அவர் காலை எடுக்கவில்லை. "சேர்ல குந்த வெச்சா நானு மூட்ட மேடம். கீய எறக்கினா கன்னியம்மா. இத எய்து மொதல்ல" என்றார்.

என் அறிக்கை முழுவதும் தரையிலிருந்து பத்தொன்பது அங்குல உயரத்தில் நடந்த வாழ்க்கை. நாற்காலியின் உயரம், கட்டிலின் உயரம், மேடையின் உயரம். இந்தப் பெண்மணி வெட்டியது, விற்றது, சாப்பிட்டது, சிரித்தது எல்லாம் தரையில். அவரை ஒரு நாற்காலியில் ஏற்றி, அந்த நாற்காலிக்குப் பொருத்தமான ஒரு வீட்டை நான் கண்டுபிடித்திருக்கிறேன். அவரைக் கேட்கவே இல்லை.

"அந்த ஊட்ல கதவு பெர்சா கீது, சரி. அந்தக் கதவாண்ட போயி நானு எங்க போவேன்? இவுரு படகு இங்க கீது. வாரத்துக்கு ஒருக்கா வருவாரு. மீதி நாளு நானு செவுத்த பாத்துகினு கெடக்கணும். அத இங்கியே செஞ்சிகினுதானே கீறேன்" என்றார்.

ஏழுமலை வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். மனைவியைச் சாமானைப் போலத் தூக்கி இறக்குவதை நாலு பேர் பார்ப்பார்கள், அவளுக்கு அவமானம் என்றுதான் தூரத்தில் வீடு பார்த்ததாக அவர் மெல்லச் சொன்னார். யாருக்கு அவமானம் என்று கன்னியம்மா திருப்பிக் கேட்டார். ஏழுமலை கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே போய் எனக்கு டீ வாங்கி வந்தார். குடித்தேன்.

துறைக்குப் போய் ராஜம் மேடத்திடம் எல்லாவற்றையும் கொட்டினேன். தீர்ப்பாயத்தில் கொடுத்த அறிக்கையை நாமே தப்பு என்று சொல்வது எங்கள் தொழிலில் சாதாரண விஷயம் இல்லை. அடுத்த வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல் அதையே பிடித்துக்கொண்டு நம்மைக் கிழித்துவிடுவார். மேடம் நகலை எடுத்தார். பென்சிலை எடுத்து, வேலை என்ற கட்டத்தில் நான் எழுதியதைச் சுற்றி நிதானமாக ஒரு வட்டம் போட்டார்.

"இதை நான் அன்னிக்கே போட்டிருக்கணும், வடிவு. கையெழுத்து என்னோடதும் இருக்கோன்னோ. தப்பு ரெண்டு பேரோடது" என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் அழ நேரம் இல்லை, விசாரணைக்கு மூன்று வாரம்தான் இருந்தது. அந்த மூன்று வாரம் நான் தூங்கினேனா என்று எனக்கு நினைவில்லை. அவ்வளவு உற்சாகம்!

முதல் பிரச்சினை வீடு. அதே குடியிருப்பில் கீழ்த்தளத்தில் சேகர் என்பவர் இருந்தார். அவரும் மீனவர். வீட்டை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு, வலையையும் படகு எஞ்சினையும் முப்பத்திநான்கு படி யார் தூக்குவது என்று திருப்பிக் கேட்டார். நியாயம்தான். குப்பத்தில் இப்படி ஒன்று வந்தால் ஊர்ப் பஞ்சாயத்து கூடிப் பேசும். என்னையும் கூப்பிட்டார்கள். சாயந்திரம் கோயில் பக்கத்துக் கொட்டகையில் இருபது முப்பது ஆண்களுக்கு நடுவில் நின்று, சாக்பீஸால் தரையில் கீழ்த்தள வீட்டின் வரைபடத்தைப் போட்டேன். முன் அறை பத்து அடி. நாற்காலி போக மூன்று அடி போதும். மீதியில் வலை இருக்கட்டும், எஞ்சின் இருக்கட்டும் என்றேன். சேகர் படத்தைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். கடைசியில், தரையில் ஒரு கோடு போட்டுக் கொடுத்தால் தன் வலை அதைத் தாண்டாது என்று எல்லார் முன்னாலும் சொன்னார். சேகர் மாடிக்குப் போனார், வலையும் எஞ்சினும் கீழேயே இருந்தன, கன்னியம்மா கீழே வந்தார். வாரிய அலுவலகத்தில் முறைப்படி அனுமதி வாங்க நடந்த நடையைச் சொன்னால் ஆண்டு மலர் தாங்காது.

இரண்டாவது, அருவாமனை. அதன் பலகையை ஒரு கடப்பைக் கல்லில் போல்ட் போட்டு முடுக்கினோம். இனி மிதிக்கக் கால் வேண்டாம். கால்கள் கத்தியின் பக்கம் போகாமல் நடுவில் ஒரு மரத்தடுப்பு. நாற்காலியிலிருந்து தரைக்கு இறங்க நடுவே ஒன்பது அங்குல உயரத்தில் ஒரு மேடை. நாற்காலியிலிருந்து மேடை, மேடையிலிருந்து தரை, திரும்பவும் அப்படியே. ஒரே வாரத்தில் யார் கையும் இல்லாமல் செய்ய ஆரம்பித்துவிட்டார். கூடை சுமந்த தோள் அல்லவா!

மூன்றாவதுதான் பெரிய ஆபத்து. உணர்ச்சி இல்லாத உடம்பு ஒரே இடத்தில் அழுந்தினால் புண் வரும். அந்தப் புண் ஆளையே கொண்டுபோய்விடும். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டு கையையும் ஊன்றி இடுப்பைத் தூக்கி, கொஞ்ச நேரம் அப்படியே இருக்க வேண்டும். மெத்தையும் கொடுத்தேன், ஊன்றுவதற்கு இரண்டு மரக்கட்டையும் கொடுத்தேன். வியாபார மும்முரத்தில் மணி பார்த்து யார் தூக்குவது? நான் அலாரம் வைக்கலாம் என்றேன். கன்னியம்மா சிரித்தார்.

"எவனாச்சும் பேரம் பேசுவான் மேடம். அப்ப எய்ந்துக்கிறேன்" என்றார்.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்பு ஒத்திகை. சாலை ஓரத்தில் கன்னியம்மா தன் பழைய இடத்தில் பலகை போட்டு உட்கார்ந்தார். ராஜம் மேடமே வந்திருந்தார். வாழ்நாளில் மீன் கடை இருக்கும் தெருப் பக்கம் போகாதவர், இஸ்திரி போட்ட புடவையின் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கைக்கடிகாரமும் குறிப்பேடுமாக ஈரத்தில் நின்றார். முதல் வாடிக்கையாளர் வண்டியை நிறுத்தி, வஞ்சிரத்தின் விலையைக் கேட்டு, பாதிக்குக் கேட்டார். கன்னியம்மா இரண்டு கட்டையையும் பிடித்து விருட்டென்று ஒரு அடி எழும்பினார். அந்தரத்தில் நின்றபடியே, கடலில் போய் நீயே பிடித்துக்கொள் என்கிற மாதிரி ஏதோ சொன்னார். அந்த மனிதர், இவர் அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்து, முதலில் சொன்ன விலையையே கொடுத்துவிட்டுப் போனார். சுற்றியிருந்த பெண்கள் சிரித்த சிரிப்பு பட்டினப்பாக்கம் வரை கேட்டிருக்கும்.

இப்படியே ஒரு மணி நேரம் நன்றாகப் போனது. பிறகு கூட்டம் குறைந்தது. பத்து நிமிடம், பதினைந்து நிமிடம், யாரும் பேரம் பேசவில்லை. கன்னியம்மா மீன் கழுவுவதில் மும்முரமாகிவிட்டார். பதினெட்டாவது நிமிடம் ராஜம் மேடம் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஒரு அடி முன்னால் வந்து, விரலால் மீனைத் தொடாமல் சுட்டிக்காட்டினார்.

"இதைக் கொஞ்சம் கொறச்சுக் குடுக்கப்படாதோ?"

கன்னியம்மா நிமிர்ந்து பார்த்தார். ஒரு விநாடி ஒன்றும் புரியவில்லை. பிறகு கட்டையைப் பிடித்து எழும்பினார். இந்தத் தடவை திட்டவில்லை. எழும்பின நிலையிலேயே மேடத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். மேடம் குனிந்து நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

தீர்ப்பாயத்தில் நீதிபதி இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். போன மாதம் இந்த வீடு எல்லா விதத்திலும் ஏற்றது என்று எழுதியவரும் நான், இந்த மாதம் வேண்டாம் என்பவரும் நான், இதில் எதை நம்புவது என்று கேட்டார். நான் ராத்திரியெல்லாம் தயார் செய்த பதிலைத் தள்ளி வைத்தேன்.

"அது நல்ல வீடுங்க சார். இந்தம்மாவுக்குன்னு பார்க்காம, சேருக்குன்னு பார்த்துட்டேன். இந்தம்மாவை ஒரு வார்த்தை நான் கேக்கல. தப்பு என்னோடது" என்றேன்.

அவர் கன்னியம்மாவைப் பார்த்து, அங்கே சொந்த வீடு கிடைக்கும், இங்கே பழைய குடியிருப்புதானே, யோசித்துத்தான் சொல்கிறீர்களா என்று கேட்டார். பக்கத்தில் ஏழுமலை கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அந்த ஊட்ல நானு நோயாளி சார். இங்க மீன்காரி" என்றார் கன்னியம்மா.

நீதிபதி எழுதிக்கொண்டே இருந்தார். கீழ்த்தள வீட்டைச் சீரமைக்கவும் கடைக்குத் தேவையானதை வாங்கவும் மட்டும் பணம் எடுக்க அனுமதித்தார். மீதி வங்கியிலேயே இருக்கட்டும் என்றார். உத்தரவில் கன்னியம்மா பெயருக்குப் பக்கத்தில் தொழில் என்ற இடத்தில் "மீன் வியாபாரம்" என்று இருந்தது. நான் வராண்டாவிலேயே துள்ளிவிட்டேன். ராஜம் மேடம் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

நித்யா, உன் செயலி நன்றாக அளக்கட்டும். என்னைவிட நன்றாகவே அளக்கும், "சுமார்" என்று எழுதாது. ஆனால் அந்தச் சின்னக் கட்டத்தை மட்டும் அதனிடம் விட்டுவிடாதே. போனைப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றிக் காட்டுகிறவரிடம் சொல்லி, அடிபட்டவர் கையில் ஒரு தடவை போனைக் கொடுக்கச் சொல்லு.

கன்னியம்மா வீட்டில் சேகருக்குப் போட்ட மஞ்சள் கோடு இன்னும் இருக்கிறது. வருடா வருடம் பொங்கலுக்கு அவரே புதுசாகப் பெயின்ட் அடிக்கிறார். ராஜம் மேடம் இப்போது இல்லை. நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் கோபாலபுரத்திலிருந்து ஆட்டோ பிடித்துப் போய்க் கன்னியம்மாவிடம் மீன் வாங்குகிறேன். வாங்கிய பிறகும் கிளம்ப மாட்டேன். ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். யாரும் பேரம் பேசாமல் நேரம் போனால், நானே எழுந்து போய் வாங்காத மீனுக்கு விலை குறைத்துக் கேட்பேன். எத்தனை வருடமாகக் கேட்கிறேன், அவர் ஒரு பைசா குறைத்ததில்லை.

போன ஞாயிறும் அப்படித்தான் போய் நின்று, நெத்திலிக்கு விலை கேட்டேன். கன்னியம்மா தலையைத் தூக்காமல் வெட்டிக்கொண்டே சொன்னார்.

"இன்னும் அஞ்சு நிமிசம் கீது மேடம். போயி குந்திகினு, அப்பால வந்து கேளு."